மனநோய் மருந்தும் இருதயமும்

கேள்வி: மனநோய்க்காக என் தமையனார் உட்கொள்ளும் மாத்திரைகளால் திடீர் இருதய மரணம் நேரக்கூடும் என்கிறார்களே, நிறுத்திவிடலாமா?

பதில்: அவசரப்பட்டு நிறுத்திவிட வேண்டாமென்று முதற்கண் தங்களை வேண்டிக்கொள்கிறேன். அமெரிக்காவின் டென்னஸி மாகாணத்தில் அரசாங்க மருத்துவ உதவி பெற்றோரின் பதிவேடுகளை ஆராய்ந்து, வாண்டர்பில்ட் சர்வகலாசாலையின் வேய்ன் ரேயும் அவருடைய சகாக்களும் 2009-ஆம் ஆண்டில் வெளியிட்ட முடிவின்படி, ஹாலோபெரிடால் போன்ற பழைய மருந்துகளை உட்கொண்டோருக்கு இத்தகைய மரணம் நேரும் விகிதம் உட்கொள்ளாதோரைப் போல 1.99 மடங்காகவும், அபாயம் குறைந்தவையென்று பலரும் நம்பியிருந்த ஒலான்சபின், ரிஸ்பெரிடோன் முதலிய புதியவற்றால் 2.26 மடங்காகவும் இருந்தது. மருந்தின் அளவு ஏற ஏற அபாயமும் ஏறிற்று. ஒரு துடிப்புக்குப் பின் இருதயத் தசை மறு துடிப்புக்கு ஆயத்தமாகும் மின்னோட்ட அவகாசத்தை இவற்றிற் சில நீட்டிவிடுவதால் தாளகதி பிறழக்கூடும் என்பதே இதற்குப் பிரதான காரணமாகக் கருதப்படுகிறது.

ஆயினும், ஆயிரம் பேர் ஓராண்டு உட்கொண்டால் ஏறக்குறைய மூவருக்கே இது நேர்ந்தது என்பதையும், பின்லாந்து தேசத்தில் ஜாரி டீஹோனென் குழுவினர் நடத்தி அதே 2009-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சியில், மனச்சிதைவு நோயாளிகளுள் மருந்தின்றியிருந்தவர்களைக் காட்டிலும் நெடுங்காலம் மருந்துண்டவர்களிடையே மொத்த மரண விகிதம் குறைந்தே காணப்பட்டது என்பதையும் நாம் மறக்கலாகாது. மருந்தை நிறுத்தியதால் வியாதி திரும்பி, குடும்பமே நிலைகுலைவது எத்துணைக் கொடிய துன்பம்!

தமையனாருக்கு இ.சி.ஜி. பரிசோதனை செய்விக்கும்படியும், வேறு வியாதிகளுக்காக அவர் உண்ணும் மருந்துகளைப் பார்வையிடும்படியும் வைத்தியரைக் கேளுங்கள். மயக்கமோ படபடப்போ கண்டால் உடனே ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் செல்லுங்கள்.