பிரசவத்தோடு போகாத பிரஷர்

பெரியம்மாவுக்கு வயது 61. நாலு படி ஏறினாலே மூச்சு வாங்குகிறது என்று இதய மருத்துவரிடம் கூட்டிப்போனோம். சுகர் உண்டா, பிரஷர் எத்தனை வருஷமாக, அப்பாவுக்கு மாரடைப்பு வந்ததா என்று வரிசையாகக் கேட்டார்கள். பிரசவத்தைப் பற்றி யாரும் கேட்கவில்லை, பெரியம்மாவும் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்தபின் பீரோவில் மஞ்சப்பையைக் குடைந்தபோது, பழைய ரேஷன் கார்டுக்குள் மடிப்பெல்லாம் கிழிந்த ஒரு டிஸ்சார்ஜ் சீட்டு கிடைத்தது. 1988. எட்டாம் மாதம். பிரஷர் 170/110, சிறுநீரில் புரதம், ஆபரேஷன்.

"அதெல்லாம் புள்ள பொறந்ததோட போயிருச்சேடி, அத இப்ப எதுக்கு நோண்டுற?" என்றார்.

இந்த ஒரு நம்பிக்கையைத்தான் முதலில் பேச வேண்டும்.

நம்பிக்கை: கர்ப்பத்தில் வந்த பிரஷர் பிரசவத்தோடு போய்விடும்.

பாதிதான் சரி. பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் பிரஷர் இறங்கிவிடும். ஆனால் ரத்தக் குழாய்கள் பட்ட அடி அத்தனை சீக்கிரம் ஆறுவதில்லை.

கர்ப்பத்தில் தாயின் உடம்பில் ஓடும் ரத்தம் ஏறக்குறைய ஒன்றரை மடங்காகிறது. அவ்வளவையும் இதயம் தள்ளியாக வேண்டும். நஞ்சுக்கொடிக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய்களும் நன்றாக விரிந்து கொடுக்க வேண்டும். அவை குறுகலாகவே நின்றுவிட்டால் நஞ்சு திணறுகிறது. திணறும் நஞ்சிலிருந்து சில புரதங்கள் தாயின் ரத்தத்தில் கலந்து, உடம்பு முழுக்க உள்ள குழாய்களின் உட்சுவரைக் கெடுக்கின்றன. பிரஷர் 140/90-ஐத் தாண்டுவது, முகமும் கையும் வீங்குவது, சிறுநீரில் புரதம் இறங்குவது, முற்றினால் ஜன்னி காண்பது எல்லாம் அதனால்தான்.

இப்படிப்பட்ட கர்ப்பத்தைக் கடந்தவர்களுக்குப் பிறகு என்ன ஆகிறது என்று, சுமார் 35 லட்சம் பெண்களின் தகவல்களைத் திரட்டிப் பார்த்த ஆய்வு 2007-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளிவந்தது. மற்றவர்களைவிட இவர்களுக்குப் பிற்காலத்தில் நிரந்தரமாக பிரஷர் வரும் வாய்ப்பு சுமார் 3.7 மடங்கு, மாரடைப்பில் கொண்டுவிடும் இதய நோய் வரும் வாய்ப்பு 2 மடங்கு, பக்கவாதம் 1.8 மடங்கு. மடங்குக் கணக்கைக் கேட்டு இளம் தாய்மார்கள் கலங்க வேண்டாம். முப்பது வயதுப் பெண்ணுக்கு மாரடைப்பு மிக அபூர்வம், அதன் இரண்டு மடங்கும் அபூர்வமே. அறுபதில் கணக்கு வேறு. அந்த வயதில் பலருக்கும் வரக்கூடிய நோய் இது, அதன் இரண்டு மடங்கு என்பது சின்ன விஷயமில்லை.

ஏற்கெனவே பலவீனமாக இருந்த குழாய்களைக் கர்ப்பம் காட்டிக்கொடுத்ததா, கர்ப்பமே புதிதாகக் காயம் செய்ததா என்று மருத்துவர்கள் இன்னும் விவாதிக்கிறார்கள். இரண்டும் கலந்ததாக இருக்கலாம். எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. முப்பது வருஷம் முன்கூட்டியே உடம்பு ஒரு தகவலைச் சொல்லியிருக்கிறது, நாம் அதை மஞ்சப்பையில் போட்டு வைத்திருக்கிறோம். அமெரிக்க இதய சங்கம் 2011-லேயே, பெண்களின் இதய ஆபத்தைக் கணக்கிடும்போது கர்ப்பகால பிரஷரையும் கர்ப்பகால சுகரையும் சேர்த்துக் கேட்கச் சொல்லிவிட்டது.

நம்பிக்கை: கர்ப்ப சுகர் குழந்தைக்காகப் பார்ப்பது.

75 கிராம் குளுக்கோஸைக் கரைத்துக் குடித்து, இரண்டு மணி நேரம் கழித்து 140-ஐ எட்டுகிறதா என்று பார்க்கும் அந்த ஒற்றைச் சோதனையை இந்தியா முழுக்கப் பரவச் செய்ததில் சென்னை மருத்துவர் வி. சேஷையாவுக்குப் பெரிய பங்குண்டு. அது தாய்க்கும் சேர்த்துத்தான். கர்ப்பத்தில் சுகர் வந்தவருக்குப் பிற்காலத்தில் நீரிழிவு வரும் வாய்ப்பு ஏழு மடங்குக்கும் மேல். பிரசவம் ஆன சில வாரங்களில் ஒரு முறை, அப்புறம் மூன்று வருஷத்துக்கு மேல் இடைவெளி விடாமல் ஆயுசு முழுக்க சுகர் பார்க்க வேண்டும். குழந்தையின் தடுப்பூசித் தேதியை மறக்காத அம்மாக்கள் இதை மட்டும் விட்டுவிடுகிறார்கள்.

நம்பிக்கை: மாதவிலக்கு இருக்கும்வரை மாரடைப்பு வராது, கெட்டதெல்லாம் ரத்தத்தோடு போய்விடும்.

மாதவிலக்கில் வெளியேறுவது கர்ப்பப்பையின் உள்வரிச் சவ்வும் ரத்தமும். கொழுப்பு அப்படி வெளியேறாது. மாதவிலக்கு நிற்கும்வரை பெண்களுக்கு ஆபத்து ஆண்களைவிடக் குறைவு என்பது உண்மை. நீரிழிவு வந்துவிட்டால் அந்தச் சலுகை பெருமளவு பறிபோகிறது. நம் நாட்டுப் பெண்களுக்குச் சராசரியாக 46, 47 வயதிலேயே நின்றுவிடுகிறது. நாற்பதுக்கு முன்பே நின்றவர்கள் கட்டாயம் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். கொலஸ்ட்ரால் மாத்திரை தேவையா என்று முடிவெடுக்கும்போது 2018-ல் வந்த அமெரிக்க வழிகாட்டுதல் இதையும் கணக்கில் எடுக்கிறது.

நம்பிக்கை: கர்ப்பப்பையை எடுத்துவிட்டால் தொல்லை விட்டது.

உண்மையிலேயே தேவைப்படுகிறவர்கள் இருக்கிறார்கள், அவர்களை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அதிக ரத்தப்போக்கு, வெள்ளைப்படுதல் என்று முப்பத்தைந்து வயதில் பை எடுக்கப்பட்ட பெண்களிடம், சினைப்பையையும் எடுத்தார்களா என்று கேட்டால் பலருக்குத் தெரிவதில்லை. இது எனக்கு ஆறாத வருத்தம். இரண்டு சினைப்பைகளும் போனால் ஒரே நாளில் ஈஸ்ட்ரோஜன் நின்றுவிடுகிறது. இளம் வயதில் அப்படி நின்றவர்களுக்கு இதய நோய் ஆபத்து கூடுவதாக நீண்டகால ஆய்வுகள் காட்டுகின்றன. எடுத்தது எது என்று எழுதி வாங்கிக்கொள்வது நம் உரிமை.

நம்பிக்கை: நிறையப் பெற்றால் இதயம் தேய்ந்துவிடும்.

பிரிட்டனில் 60 முதல் 79 வயதுள்ளவர்களிடம் நடந்த ஆய்வில், இரண்டுக்கு மேல் பிள்ளைகள் கூடக்கூட இதய நோயும் கூடியது. பெண்களுக்கு மட்டுமல்ல, குறைந்த அளவில் ஆண்களுக்கும்தான். அப்பா பிரசவிக்கவில்லையே! பிள்ளைகள் நிறைந்த வீட்டின் வரவு செலவு, உணவு, உடல் எடை எல்லாம் அந்த எண்ணிக்கைக்குள் இருக்கின்றன. பெண்களுக்குக் கொஞ்சம் கூடுதல் என்பதால் கர்ப்பத்துக்கும் சிறு பங்கு இருக்கலாம், அவ்வளவுதான்.

ஹார்மோன் மாத்திரை இதயத்தைக் காக்கும் என்று ஒரு காலத்தில் மருத்துவர்களே நம்பினார்கள். அமெரிக்காவில் 16,608 பெண்களிடம் நடந்த சோதனையை 2002-ல் பாதியில் நிறுத்த வேண்டிவந்தது. உடல் தகிப்புக்காகவோ, சீக்கிரமே மாதவிலக்கு நின்றதாலோ மருத்துவர் எழுதிக்கொடுத்தால் அது வேறு. இதயத்துக்கென்று நாமாக வாங்கிச் சாப்பிடக் கூடாது.

மறுமுறை போனபோது அந்தச் சீட்டைக் கொண்டுபோனோம். மருத்துவர் அதை வெளிச்சத்தில் பிடித்துப் படித்துவிட்டு நாற்காலியை முன்னே இழுத்துப் போட்டுக்கொண்டார். எத்தனை வயதில் நின்றது? குறைமாதப் பிரசவம் இது ஒன்றுதானா? கரு கலைந்திருக்கிறதா?

பெரியம்மா என்னைப் பார்த்தார், பிறகு மருத்துவரைப் பார்த்தார். "அந்தப் புள்ளைக்கு முன்னாடி ரெண்டு கலைஞ்சிருக்குங்க டாக்டர்" என்றார். எங்கள் வீட்டில் அது யாருக்கும் தெரியாது. மருத்துவர் பேனாவை எடுத்து அதையும் எழுதிக்கொண்டார்.