கெண்டையும் சீவாளியும்

மங்கல இசைக்கருவிகளுள் முதன்மை பெற்றது நாதசுரம் ஆகும். அதன் இன்னிசையில் திளைப்பார் பலர். அதன் உறுப்புக்களை அறிந்தார் சிலரே. ஆச்சா மரத்தைக் கடைந்து செய்த நெடுங்குழல் உலவு எனப்படும். அதன் அடியில் விரிந்து நிற்பது அணசு. உலவின் தலையிற் செருகப்படும் சிறிய உலோகக் குழாய் கெண்டை. கெண்டையின்மேற் பொருத்தி, இதழிடை வைத்து ஊதப்படுவது சீவாளி. இது நாணலைப் பதப்படுத்திச் செய்யப்படுவது. உலோகமும் நாணலும் கூடும் இடம் மிகச் சிறிது. ஆயினும், கருவியின் சுருதி பெரிதும் அவ்விடத்தைப் பற்றி நிற்கின்றது.

மாணவர்களே! பழநியினின்று மலையேறி, கொடைக்கானற் குறிஞ்சியாண்டவர் கோயிலில் வாசிக்கச் செல்லும் கலைஞர் ஒருவரை எண்ணிப் பாருங்கள். அடிவாரத்தில் சுருதிப் பெட்டியோடு இயைந்திருந்த கருவி, ஏறத்தாழ 7,000 அடி உயரத்தில் சற்றே தாழ்ந்து ஒலிக்கும். மலையின் உயரமே காரணம் எனக் கருதுதல் பொருந்தாது, குளிரே காரணம். காற்றின் வெப்பம் 10 பாகை செல்சியசு குறையின், ஒலியின் விரைவு நொடிக்கு ஏறத்தாழ 6 மீட்டர் குறையும். விரைவு குறையவே குழலின் சுருதியும் தாழும். மின்னாற்றலால் ஒலிக்கும் சுருதிப் பெட்டியோ அவ்வாறு தாழாது.

இக்குறையை நீக்குவது எங்ஙனம்? முதற்கண், மூச்சினால் குழலை வெதுவெதுப்பாக்குதல் வேண்டும். அதன் பின்னும் சுருதி ஏறாவிடில், நீளங் குறைந்த கெண்டையொன்றைப் பொருத்தலாம். ஆனால் அளவு மீறலாகாது. தலைப்பக்கம் குறுகும்போது, மேல்துளைகளின் சுரங்கள் மிகுதியாகவும் கீழ்த்துளைகளின் சுரங்கள் சிறிதாகவும் ஏறும். அதனால் சுரங்களின் இயைபு கெடும்.

வேறொரு சீவாளியைப் பொருத்துங்கால், அது தளர்ந்திருப்பின் கெண்டையின்மேல் நூலைச் சுற்றிக் காற்றுக் கசியாமற் செய்யலாம். வேண்டாதபோது நூலை அவிழ்த்துவிடலாம். இறுக்கமாயிருப்பின், கெண்டையை அரத்தால் அராவுதல் எளிதெனத் தோன்றும். ஆயின், அராவிய உலோகம் மீண்டும் வளராது. ஆதலின், அதற்கேற்ற வேறு கெண்டையைக் கொள்வதே அறிவுடைமை.

மேனாட்டுப் பித்தளைக் கருவியாகிய திராம்போனுக்கும் இவ்வுண்மை பொருந்தும். அதன் ஊதுவாய்களின் தண்டு சிறிது, பெரிது என இருவகைப்படும். சிறு தண்டைப் பெருந்துளையில் இருத்த, இடையே ஓர் உறையைச் செருகினாற் போதும். பெருந்தண்டைச் சிறுதுளையில் இருத்தவோ, கருவியையே மாற்ற நேரும்.

கருவியையே மாற்றியமைத்த வரலாறு நம் நாட்டிலும் உண்டு. முற்காலத்து வழங்கிய திமிரி நாதசுரம் குறுகியது. உச்சச் சுருதி உடையது. சுத்த மத்திமம் அதிற் செவ்வனே அமையவில்லை. நாதசுரச் சக்கரவர்த்தி திருவாவடுதுறை இராசரத்தினம் பிள்ளை நீண்ட பாரி நாதசுரத்தை விரும்பினார். கும்பகோணத்தை அடுத்த நரசிங்கம்பேட்டை அரங்கநாத ஆசாரி, 1955-ஆம் ஆண்டில், சுத்த மத்திமம் குறைவின்றி ஒலிக்கும் பாரி நாதசுரத்தைச் செய்து தந்தார். அக்குறை சீவாளியில் இல்லை, உலவின் அமைப்பிலேயே உள்ளது என்று கண்டமையே அவரது நுண்ணறிவாகும். அவ்வூர் நாதசுரம் 2022-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்றது.

சிறியதைத் திருத்தினாற் போதுமாயின் பெரியதைத் தொடலாகாது. பெரியதே குறையுடையதாயின் சிறியதைக் குடைந்து பயனில்லை. குறையின் இடத்தை முதலில் அறிந்து, பின்னரே கருவியிற் கைவைத்தல் வேண்டும். எத்தொழிலுக்கும் இதுவே முறையாம்.