ஆவணக் கோப்பின் ஊடாக வரும் ஆபத்து
க.பொ.த. (சாதாரண தரம்) – தகவல் தொடர்பாடல் தொழினுட்பம்

மாணவர்களே, சொல் முறைவழிப்படுத்தல் அலகில் கடிதம் தயாரிக்கவும் அட்டவணை அமைக்கவும் கற்றிருப்பீர்கள். இவ்வலகையும் கணினிப் பாதுகாப்பையும் இணைத்து ஒரு வினா வந்தால் பலர் தடுமாறுவர். “ஆவணத்தில் வெறும் எழுத்துகள்தானே உள்ளன, அதில் நச்சுநிரல் வராது” என எழுதுவோர் இன்னும் உளர். இவ்விடை பிழையானது. ஏன் பிழை என்பதை ஓர் உண்மைச் சம்பவத்தின் மூலம் நோக்குவோம்.

திருகோணமலைத் துறைமுகத்திற்குள் கப்பல் நுழைவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். கப்பல் வந்து சேருமுன்பே அதன் ஆவணங்கள் வந்துவிடும். சரக்குப் பட்டியல், மாலுமிகளின் பெயர்ப் பட்டியல் போன்றவை மின்னஞ்சல் இணைப்புகளாக வருகின்றன. அறிமுகமற்றவர் அனுப்பியதைத் திறக்காதீர்கள் என்று துறைமுக ஊழியரிடம் கூறுவது இலகு. ஆனால் அவரது வேலையே அதுதான்.

2024 ஜூலையில் பிளாக்பெரி நிறுவனத்தின் ஆய்வாளர்கள் ஓர் அறிக்கையை வெளியிட்டனர். சைட்விண்டர் எனப் பெயரிடப்பட்ட குழுவொன்று இந்து சமுத்திரத்திலும் மத்தியதரைக் கடலிலும் உள்ள துறைமுகங்களையும் கடல்சார் நிறுவனங்களையும் குறிவைத்திருந்தது. பாகிஸ்தான், எகிப்து ஆகியவற்றுடன் இலங்கையும் அதில் குறிப்பிடப்பட்டது. அனுப்பப்பட்ட ஆவணங்கள் உண்மையான துறைமுக நிர்வாகத்தின் கடிதங்கள் போலவே காணப்பட்டன. பணிநீக்கம், சம்பளக் குறைப்பு என்பன அவற்றின் விடயங்கள். தன் சம்பளம் குறையப் போகிறது என்று வரும் கடிதத்தை யார்தான் திறக்காமல் விடுவார்?

இனி, திறந்தபின் நடந்ததைக் கவனியுங்கள். பரீட்சைக்கு இப்பகுதியே முக்கியம்.

மக்ரோ பற்றி நீங்கள் படித்திருப்பீர்கள். ஆவணத்தினுள் வைக்கப்படும் சிறு நிகழ்ச்சியே மக்ரோ. 1999 மார்ச்சில் பரவிய மெலிசா, மின்னஞ்சலில் வந்த வேர்ட் ஆவணத்தின் மக்ரோ மூலம் இயங்கி, முகவரிப் புத்தகத்தின் முதல் 50 பேருக்குத் தன்னையே அனுப்பிக்கொண்டது. 2022 இலிருந்து, இணையத்தினூடாக வரும் கோப்புகளின் மக்ரோக்களை மைக்ரோசொப்ட் தானாகவே தடுக்கத் தொடங்கியது. ஆகவே மக்ரோவை நிறுத்தினால் போதும் எனப் பலர் நினைக்கின்றனர். ஆனால் சைட்விண்டரின் ஆவணங்களுக்கு மக்ரோ தேவைப்படவில்லை.

டொக்எக்ஸ் கோப்பு என்பது உண்மையில் சுருக்கப்பட்ட ஒரு பொதி. ஒரு பிரதியின் பெயர் நீட்சியை ‘சிப்’ என மாற்றித் திறந்து பாருங்கள். உள்ளே பல சிறு கோப்புகள் தென்படும். அவற்றுள் ஒன்றில் தாக்குவோர் ஓர் இணைய முகவரியை எழுதி வைத்தனர். ஆவணம் திறக்கப்பட்டதும், 2017 ஏப்ரலில் வெளியான திருத்தம் நிறுவப்படாத வேர்ட், அம்முகவரியிலிருந்து இன்னொரு கோப்பைத் தானே கொண்டுவந்தது. அக்கோப்பு சமன்பாட்டுத் தொகுப்பியை இயக்கியது.

ஆம், கணித வினாத்தாள் தயாரிக்கும்போது பின்னம், வர்க்கமூலம் எழுதப் பயன்பட்ட அதே பழைய சமன்பாட்டுத் தொகுப்பிதான். 2000 ஆம் ஆண்டில் உருவாக்கப்பட்ட அந்நிகழ்ச்சியில் ஒரு குறை இருந்தது. எழுத்துருவின் பெயரை நினைவகத்தில் எழுதும்போது அதன் நீளத்தை அது சோதிக்கவில்லை. ஒரு விண்ணப்பப் படிவத்தை எண்ணிப் பாருங்கள். பெயருக்குரிய கட்டங்கள் முடிந்த பின்னும் ஒருவர் எழுதிக்கொண்டே போய், “அலுவலகப் பாவனைக்கு மட்டும்” என்ற பகுதியிலும் எழுதிவிடுகிறார். எழுதுவினைஞரோ அதை மேலதிகாரியின் கட்டளை என எண்ணி நிறைவேற்றுகிறார். அவ்வாறே, நீண்ட எழுத்துருப் பெயர் பக்கத்து நினைவகத்தில் வழிந்து, கணினி அடுத்துச் செய்ய வேண்டியதை மாற்றிவிட்டது.

இக்குறைக்கு 2017 நவம்பரில் திருத்தம் வெளியானது. 2018 ஜனவரியில் அத்தொகுப்பி ஒபிஸிலிருந்து முற்றாக நீக்கப்பட்டது. அவ்வாறாயின் 2024 இலும் தாக்குதலுக்கு அதே குறையைப் பயன்படுத்தியது ஏன்? இற்றைப்படுத்தப்படாத கணினிகள் இன்னும் இருக்கின்றன என்பதே காரணம். நண்பரிடம் வாங்கிய இறுவட்டிலிருந்து நிறுவிய ஒபிஸ் 2007 உங்கள் வீட்டிலும் இருக்கலாம். அதற்கான ஆதரவு 2017 ஒக்டோபரில் முடிந்துவிட்டது. பணம் செலுத்தி வாங்க இயலாவிடின் லிப்ரே ஒபிஸ் இலவசமாகக் கிடைக்கின்றது. அதையும் இற்றைப்படுத்தவே வேண்டும்.

ஒபிஸ் 2010 இலிருந்து ‘பாதுகாக்கப்பட்ட காட்சி’ எனும் வசதி உண்டு. இணையத்திலிருந்து வந்த கோப்பு மஞ்சள் பட்டையுடன் வாசிக்க மட்டுமே திறக்கும். கப்பலைச் சோதிக்கும் வரை வெளியே நங்கூரமிட வைப்பது போன்றது இது. தொகுத்தலை அனுமதிக்கும் பொத்தானை அழுத்தினால் கப்பல் உள்ளே வந்துவிடும். பென் டிரைவில் இன்னுமொரு சிக்கல் உண்டு. “இது இணையத்திலிருந்து வந்தது” என்ற குறியை விண்டோஸ் கோப்புடன் சேர்த்தே வைக்கின்றது. பெரும்பாலான பென் டிரைவ்களின் கோப்பு முறைமையில் அக்குறியைச் சேமிக்க இடமில்லை. எனவே கோப்பை அதில் பிரதிசெய்து பாடசாலைக் கணினிக்குக் கொண்டுவந்தால், மஞ்சள் பட்டை தோன்றாமலே திறக்கும்.

மாதிரி வினா: கடற்றொழிலாளர் சங்கச் செயலாளர் ஒருவருக்கு “எரிபொருள் மானியப் பட்டியல்” எனும் டொக்எக்ஸ் கோப்பு மின்னஞ்சலில் வந்தது. அவர் மக்ரோக்களை ஏற்கனவே முடக்கியுள்ளார். (அ) அவரது கணினி இன்னும் ஆபத்தில் இருக்கக்கூடியது ஏன்? (ஆ) கோப்பைத் திறக்குமுன் அவர் செய்யத்தக்க இரண்டு செயல்களைத் தருக.

விடை: (அ) சொல் முறைவழிப்படுத்தல் மென்பொருளிலேயே திருத்தப்படாத குறை இருந்தால், மக்ரோ இன்றியும் தீங்கான கட்டளைகள் இயங்கலாம். (ஆ) மென்பொருளை இற்றைப்படுத்தல்; அனுப்பியதாகக் கூறப்படும் அலுவலகத்தைத் தொலைபேசியில் அழைத்து உறுதிப்படுத்தல். அழைக்கும் இலக்கத்தை அதே மின்னஞ்சலிலிருந்து எடுக்கக்கூடாது. “நச்சுநிரல் எதிர்ப்பு மென்பொருள் நிறுவுதல்” என்பதும் ஏற்கத்தக்கதே. ஆயினும் (அ) பகுதிக்கு அதை எழுதினால் புள்ளி கிடைக்காது. அங்கு கேட்கப்படுவது காரணமேயன்றிப் பரிகாரமன்று.