தட்டைப் பாதமும் உயரத் தாவும்

மைசூரில் தசரா வந்தால் குஸ்தி பார்க்கக் கூட்டம் கூடும். பயில்வான்களின் உடல்கட்டைப் பார்த்து வியப்போம். யோகாசனமும் மைசூர் மக்களுக்குப் புதிதல்ல. உடலை வில்லாக வளைப்பவர்களைப் பார்த்திருக்கிறோம்.

பயில்வானின் பலமும் வேண்டும், யோகாசனத்தின் வளைவும் வேண்டும் என்கிற விளையாட்டு ஒன்று உண்டு. அதன் பெயர் ஜிம்னாஸ்டிக்ஸ்.

ஜிம்னாஸ்டிக்ஸில் பல வகை உண்டு. ரிப்பன், வளையம், பந்து ஆகியவற்றை வைத்து இசைக்கு ஏற்ப ஆடுவது ஒரு வகை. இதில் ஐந்து பெண்கள் ஒரே குழுவாகச் சேர்ந்தும் ஆடுவார்கள். ரஷ்யா, பல்கேரியா, அஜர்பைஜான் போன்ற நாடுகளில் இதற்கு நல்ல பெயர் உண்டு. கம்பியில் தொங்கியும், கட்டையில் நடந்தும், மேசையைத் தாண்டியும் செய்வது இன்னொரு வகை. இந்த இரண்டாவது வகையில் உலகம் அறிந்த இந்தியப் பெண் தீபா கர்மாகர். அவருடைய வாழ்க்கையை இந்தப் பாடத்தில் படிப்போம்.

ஈரக் காலடி

நம் நாட்டின் வடகிழக்கில் திரிபுரா என்ற சிறிய மாநிலம் இருக்கிறது. அதன் மூன்று பக்கமும் வங்கதேசம். திரிபுராவின் தலைநகர் அகர்தலா. அங்கே 1993-ஆம் ஆண்டு ஆகஸ்டு 9-ஆம் தேதி தீபா பிறந்தார். அப்பா துலால் கர்மாகர், பளு தூக்கும் விளையாட்டின் பயிற்சியாளர். மகளை ஆறு வயதில் ஜிம்னாஸ்டிக்ஸ் பயிற்சிக்குச் சேர்த்தார்.

ஆனால் தீபாவின் பாதம் தட்டையாக இருந்தது.

கால் நனைந்த பிறகு சிமெண்டுத் தரையில் நடந்து பாருங்கள். பெரும்பாலோருக்குக் குதிகாலும் முன்பாதமும் நன்றாகப் பதியும். நடுவில் உள்பக்கம் பதியாது. அங்கே பாதம் குழிந்திருக்கும். தட்டைப் பாதம் உள்ளவர்களுக்கு முழுப் பாதமும் பதியும். நடக்க, வேலை செய்ய இது பெரிய தடையல்ல. ஆனால் ஓடி, எகிறி, கீழே வந்து நிற்கும் ஆட்டத்துக்கு இது இடைஞ்சல்.

பயிற்சியாளர் விஸ்வேஸ்வர் நந்தி இதைக் கவனித்தார். "வேண்டாம், வீட்டுக்குப் போ" என்று அனுப்பவில்லை. பாதத்தில் வளைவு வருவதற்கென்றே தனிப் பயிற்சிகள் கொடுத்தார். ஆண்டுக்கணக்கில் இது நடந்தது.

ஸ்கூட்டர் சாமானில் பயிற்சி

பயிற்சிக்குச் சரியான கருவிகளும் இல்லை. பழைய ஸ்கூட்டரின் உதிரிப் பாகங்களைச் சேர்த்துத்தான் தொடக்கத்தில் தாவும் கருவி செய்துகொண்டார்கள். தீபா அதில்தான் தாவிப் பழகினார்.

2007-ஆம் ஆண்டு அவர் இளையோருக்கான தேசியப் போட்டியில் வென்றார். 2010-ஆம் ஆண்டு டெல்லியில் காமன்வெல்த் விளையாட்டு நடந்தது. அதில் தீபாவும் ஆடினார். பதக்கம் கிடைக்கவில்லை. அதே போட்டியில் ஆசிஷ் குமார் என்ற இளைஞர் வெள்ளியும் வெண்கலமும் வென்றார். இந்த விளையாட்டில் இந்தியாவுக்கு அங்கே கிடைத்த முதல் பதக்கங்கள் அவை. இந்தியரால் முடியும் என்று அன்றே தெரிந்துவிட்டது.

தாவல் என்றால் என்ன?

தாவல் போட்டியை இப்படி நினைத்துப் பாருங்கள். ஓடிவருவதற்கு 25 மீட்டர் தூரம் உண்டு. அதாவது ஏறக்குறைய 80 அடி. அதன் முடிவில் ஓர் உந்துபலகை இருக்கும். அடுத்து மெத்தை தைத்த மேசை. அதன் உயரம் 125 சென்டிமீட்டர், சுமார் நான்கு அடி.

வேகமாக ஓடிவந்து பலகையில் மிதிக்க வேண்டும். பலகை மேலே தூக்கி எறியும். கைகளால் மேசையை ஊன்றித் தள்ள வேண்டும். காற்றில் சுழல வேண்டும். கடைசியில் இரு காலையும் ஊன்றி அசையாமல் நிற்க வேண்டும். எல்லாம் சில நொடிகளில் முடிந்துவிடும்.

தாவல்களில் மிகக் கடினமான ஒன்றின் பெயர் புரொடுனோவா. 1999-ஆம் ஆண்டு எலெனா புரொடுனோவா என்ற ரஷ்யப் பெண் இதைச் செய்து காட்டினார். அவர் பெயரே தாவலுக்கு வந்தது. மேசையைத் தள்ளிய பிறகு காற்றிலேயே முன்பக்கமாக இரண்டு குட்டிக்கரணம் போட வேண்டும். சுழற்சி குறைந்தால் கழுத்து முறியும். அதனால் இதை 'மரணத் தாவல்' என்பார்கள். உலகில் விரல்விட்டு எண்ணக்கூடிய பெண்களே இதைச் செய்திருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் தீபா.

2014-இல் கிளாஸ்கோ நகரில் காமன்வெல்த் விளையாட்டு நடந்தது. தீபா இந்தத் தாவலைச் செய்தார். வெண்கலப் பதக்கம் பெற்றார். காமன்வெல்த் ஜிம்னாஸ்டிக்ஸில் பதக்கம் வாங்கிய முதல் இந்தியப் பெண் அவர்தான்.

நான்காம் இடம்

2016-ஆம் ஆண்டு ஒலிம்பிக் போட்டி பிரேசில் நாட்டின் ரியோ நகரில் நடந்தது. தீபா தகுதி பெற்றார். அதற்கு முன் இந்திய ஜிம்னாஸ்டிக்ஸ் வீரர்கள் ஒலிம்பிக்கில் ஆடியது 1964-இல். 52 ஆண்டு இடைவெளி! பெண்களில் அதுவரை ஒருவர்கூட ஆடியதில்லை.

தீபா இறுதிச் சுற்றுக்கும் வந்துவிட்டார். இடையில் அவருடைய பிறந்தநாள் வந்தது. ஊரெல்லாம் வாழ்த்துச் சொல்லத் துடித்தது. ஆனால் நந்தி, தீபாவின் செல்போன் சிம் கார்டைக் கழற்றி வைத்துவிட்டார். அப்பா அம்மாவிடம் மட்டுமே பேச விட்டார். மனம் சிதறக் கூடாது என்பது அவர் எண்ணம்.

ஆகஸ்டு 14-ஆம் தேதி இறுதிப் போட்டி. ஒவ்வொருவரும் இரண்டு முறை தாவ வேண்டும். தீபா இரண்டாவதாகப் புரொடுனோவா தாவினார். கால் ஊன்றியது. ஆனால் உடல் மிகத் தாழ்ந்து, மெத்தையில் பட்டுவிட்டது. உடனே எழுந்து நின்றார்.

அன்றைய மதிப்பெண்கள் இவை:

சிமோன் பைல்ஸ் (அமெரிக்கா): 15.966 – தங்கம்
மரியா பசேகா (ரஷ்யா): 15.253 – வெள்ளி
ஜூலியா ஸ்டைன்க்ரூபர் (சுவிட்சர்லாந்து): 15.216 – வெண்கலம்
தீபா கர்மாகர் (இந்தியா): 15.066 – நான்காம் இடம்

பதக்கம் மயிரிழையில் போனது. தீபா நாட்டு மக்களிடம் மன்னிப்புக் கேட்டார். மக்களோ அவரைக் கொண்டாடினார்கள். அந்த ஆண்டே விளையாட்டுத் துறையின் உயர்ந்த விருதான கேல் ரத்னா அவருக்குக் கிடைத்தது. நந்திக்குத் துரோணாச்சாரியார் விருது கிடைத்தது. 2017-இல் தீபாவுக்குப் பத்மஸ்ரீ விருதும் வந்தது.

விலை உயர்ந்த வெளிநாட்டுக் கார் ஒன்றும் பரிசாக வந்தது. அகர்தலாவின் குறுகிய சாலைகளில் அது ஓடுவது கடினம். பழுது பார்க்கவும் அங்கே வசதி இல்லை. அதற்குப் பதிலாகப் பணம் பெற்று, ஊருக்கு ஏற்ற வேறு கார் வாங்கிக்கொண்டார்.

விழுந்த பிறகு

2017-இல் முழங்காலில் தசைநார் அறுந்தது. அறுவைச் சிகிச்சை நடந்தது. 2018-இல் துருக்கி நாட்டின் மெர்சின் நகரில் மீண்டும் தாவி, தங்கம் வென்றார். 2019-இல் அஜர்பைஜானின் பாகூ நகரில் நடந்த போட்டியில் அதே முழங்கால் தொல்லை மறுபடி வந்தது. அடுத்த ஒலிம்பிக்கில் ஆட முடியவில்லை.

இன்னொரு துன்பமும் வந்தது. 2021 அக்டோபரில் நடந்த சோதனையில் அவர் உடலில் தடை செய்யப்பட்ட ஒரு பொருள் இருப்பது தெரிந்தது. அதன் பெயர் ஹைஜினமைன். சில செடிகளிலும் இது உண்டு. தெரியாமல் உட்கொண்டுவிட்டதாகத் தீபா சொன்னார். ஆனாலும் 21 மாதம் ஆடத் தடை. தெரியாமல் சாப்பிட்டாலும் உடலுக்குள் போனது போனதுதான். பொடியோ, டானிக்கோ, மூலிகையோ எதுவானாலும், உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்டு, சீட்டைப் படித்து, பிறகே சாப்பிட வேண்டும். இது விளையாட்டு வீரர்களுக்கு மட்டும் சொல்லும் புத்தி அல்ல.

2023 ஜூலை 10-ஆம் தேதி தடை முடிந்தது. அப்போது தீபாவுக்கு வயது 30 நெருங்கிவிட்டது. இந்த விளையாட்டில் பதினாறு, பதினெட்டு வயதிலேயே உச்சிக்குப் போய்விடுவார்கள். அதனால் "இனி எங்கே?" என்று பலர் நினைத்திருப்பார்கள். தீபா மீண்டும் பயிற்சிக் கூடத்துக்குப் போனார்.

2024 மே மாதம் உஸ்பெகிஸ்தானின் தாஷ்கண்ட் நகரில் ஆசியப் போட்டி நடந்தது. தாவலில் தீபா 13.566 மதிப்பெண் பெற்றுத் தங்கம் வென்றார். ஆசிய ஜிம்னாஸ்டிக்ஸ் போட்டியில் ஓர் இந்தியருக்குக் கிடைத்த முதல் தங்கம் அது. ரியோ மதிப்பெண்ணைவிட இது குறைவுதான். இப்போது அவர் புரொடுனோவா தாவவில்லை. அடிபட்ட காலுக்கு ஏற்ற தாவலைத் தேர்ந்துகொண்டார். துணிவதற்கு ஒரு காலம், நிதானிப்பதற்கு ஒரு காலம். இரண்டும் தெரிந்ததால்தான் வென்றார்.

2024 அக்டோபர் 7-ஆம் தேதி, 31-ஆம் வயதில், போட்டிகளில் இருந்து ஓய்வு பெற்றார்.

தட்டைப் பாதம் என்பது பிறப்பில் வந்தது. அதை மாற்றியது ஒரு குருவின் பொறுமையும் ஒரு பெண்ணின் உழைப்பும். நம் வீட்டுப் பிள்ளைகளைப் பார்த்து "இவளுக்கு இது வராது" என்று சொல்வதற்கு முன் இதை நினைத்துக்கொள்வோம். "இந்த வயதில் நமக்கு எதற்கு?" என்று நினைக்கும்போதும் நினைத்துக்கொள்வோம்.

சொற்களின் பொருள்

குட்டிக்கரணம் – தலைகீழாக உருண்டு எழுவது
உந்துபலகை – மிதித்தால் மேலே தள்ளும் பலகை
தசைநார் – எலும்புகளை இணைத்துப் பிடிக்கும் நார்
இடைஞ்சல் – தொல்லை, தடை

கணக்குப் போடுவோம்

1. ரியோவில் தீபாவின் முதல் தாவலுக்கு 14.866, இரண்டாவது தாவலுக்கு 15.266. இரண்டையும் கூட்டுங்கள். இரண்டால் வகுங்கள். விடை மேலே உள்ள பட்டியலில் இருக்கிறதா?
2. வெண்கலப் பதக்கத்துக்கும் தீபாவுக்கும் எத்தனை மதிப்பெண் வித்தியாசம்?

சேர்ந்து பேசுவோம்

1. தீபாவின் பாதத்தைப் பார்த்த நந்தி என்ன செய்தார்? வேறு ஒருவராக இருந்தால் என்ன செய்திருப்பார்?
2. பதக்கம் கிடைக்காத நான்காம் இடம் தோல்வியா? உங்கள் கருத்து என்ன?
3. உங்கள் தெருவில் பெண் பிள்ளைகள் விளையாட இடம் இருக்கிறதா? இல்லை என்றால் யாரிடம் கேட்கலாம்?

எழுதுவோம்

"உன்னால் முடியாது" என்று பிறர் சொல்லியும் நீங்கள் செய்து முடித்த ஒரு வேலையைப் பற்றி ஐந்து வரி எழுதுங்கள்.