முதல் கதவின் சாவி யாரிடம்?

பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி



இக்கல்வியாண்டின் தொடக்கத்தில் எங்கள் வகுப்பில் ஒரு தேர்தல் நடந்தது. மாணவியர் தலைவி பதவிக்குப் போட்டியிட எங்கள் வகுப்பிலிருந்து இருவரை நிறுத்த வேண்டும் என்றார்கள். உடனே விடுதி மாணவியர் ஒரு பக்கம் கூடினோம். வீட்டிலிருந்து வருவோர் மறு பக்கம் கூடினோம். எதிர்ப் பக்கத்தாரிடம் யார் பலமாக வாதாடுவாளோ அவளையே ஒவ்வொரு பக்கமும் தேர்ந்தெடுத்தோம். பள்ளி முழுவதும் வாக்களித்தது. ஒருத்தி வென்றாள்.

அதன் பிறகுதான் வினை. மூன்று வாரங்கள் வேப்பமரத்தடியில் இரண்டு வட்டமாக அமர்ந்து மதிய உணவு உண்டோம். சுதந்திர தின விழாவுக்கான கூட்டு நடனத்தில் பாதிப் பேர் ஒத்திகைக்கே வரவில்லை, நடனம் கைவிடப்பட்டது. இத்தனைக்கும் எங்கள் வகுப்பில் எல்லோருக்கும் பிடித்த ஒருத்தி இருக்கிறாள். கணக்குப் புரியாவிட்டால் எந்தப் பக்கத்தாரும் அவளிடம்தான் போவோம். ஆனால் அவள் பெயரை எந்தப் பக்கமும் முன்மொழியவில்லை.

குடிமையியல் வகுப்பில் சிஸ்டர் எங்களிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்கள்: "நீங்கள் எல்லோரும் ஓட்டுப் போட்டீர்கள், சரி. ஓட்டுச் சீட்டில் இருந்த பெயர்களை எழுதியது யார்?" அந்தக் கேள்விக்கு விடை தேடி நாங்கள் படித்தறிந்தவற்றை இங்கே தருகின்றோம்.

இரண்டு கதவுகள்

நமது திண்டுக்கல் பூட்டுக்குப் பேர் பெற்ற ஊர். 2019ஆம் ஆண்டில் நம் பூட்டுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஆகவே பூட்டு, சாவி கொண்டே சொல்கின்றோம். ஆட்சி என்னும் வீட்டுக்கு இரண்டு கதவுகள் உண்டு. முதல் கதவு, யார் யார் வேட்பாளர் என்று முடிவு செய்வது. இரண்டாம் கதவு, அவர்களுள் ஒருவரைத் தேர்ந்தெடுப்பது. இரண்டாம் கதவின் சாவி 18 வயது நிரம்பிய குடிமக்கள் எல்லோருடைய கையிலும் இருக்கிறது. முதல் கதவின் சாவி யாரிடம் இருக்கிறது என்பதை நாம் பெரும்பாலும் கேட்பதில்லை.

அமெரிக்கா கண்ட வழி

அமெரிக்காவிலும் முற்காலத்தில் கட்சித் தலைவர்கள் சிலரே அறைக்குள் கூடி வேட்பாளரை முடிவு செய்தார்கள். இதை எதிர்த்தவர்களுள் முக்கியமானவர் விஸ்கான்சின் மாநில ஆளுநர் ராபர்ட் லா ஃபாலெட். அவரது முயற்சியால் 1904இல் அம்மாநில மக்கள், கட்சி வேட்பாளரை வாக்காளர்களே தேர்ந்தெடுக்கும் சட்டத்தை ஏற்றார்கள். இதுவே 'பிரைமரி' எனப்படும் முதனிலைத் தேர்தல். ஆயினும் அதிபர் வேட்பாளர் விஷயத்தில் தலைவர்களின் பிடி தளரவில்லை. 1968இல் ஹியூபர்ட் ஹம்ஃப்ரி ஒரு முதனிலைத் தேர்தலில்கூடப் போட்டியிடாமல் ஜனநாயகக் கட்சியின் அதிபர் வேட்பாளர் ஆனார். சிகாகோ நகரில் அக்கட்சியின் மாநாடு நடந்தபோது வெளியே பெருங்கலவரம் மூண்டது. அதன் பின்னர் விதிகள் மாறின. 1972 முதல் முதனிலைத் தேர்தல்களே அதிபர் வேட்பாளரைத் தீர்மானிக்கத் தொடங்கின.

சாவி மக்கள் கைக்கு வந்துவிட்டது. இனிக் குறையில்லை என்று நாம் நினைப்போம். ஆனால் அங்கே வேறொரு சிக்கல் முளைத்தது. அதிபர் தேர்தல் நடைபெறாத ஆண்டுகளில், வாக்குரிமை உள்ளவர்களுள் ஏறத்தாழ ஐந்தில் ஒருவரே முதனிலைத் தேர்தலில் வாக்களிக்கிறார். அப்படி வருபவர்களுள் கட்சிப் பற்று மிகுந்தவர்களே அதிகம். பிரதிநிதிகள் சபையின் 435 தொகுதிகளுள் பெரும்பாலானவை ஏதேனும் ஒரு கட்சிக்கே உறுதியானவை. அத்தகைய தொகுதியில் முதனிலைத் தேர்தலில் வென்றவருக்கு வெற்றி நிச்சயம். ஆகவே அந்த உறுப்பினர் எதிர்க்கட்சியைக் கண்டு அஞ்சுவதில்லை. தம் கட்சியின் தீவிரமானவர்களைக் கண்டே அஞ்சுகிறார். எதிர்க்கட்சியுடன் சமரசம் பேசினால் அடுத்த முதனிலைத் தேர்தலில் பதவி போய்விடுமோ என்ற அச்சம் அவரைக் கட்டிப் போடுகிறது.

இதற்கு ஓர் உதாரணம். 2021ஆம் ஆண்டு ஜனவரி 6ஆம் நாள் அமெரிக்கப் பாராளுமன்றக் கட்டடத்தில் கலவரக்காரர்கள் புகுந்தார்கள். ஒரு வாரம் கழித்து அதிபர் டிரம்ப் மீது பிரதிநிதிகள் சபை பதவி நீக்கக் குற்றச்சாட்டைக் கொண்டுவந்தது. அவருடைய குடியரசுக் கட்சியைச் சேர்ந்த 10 உறுப்பினர்களும் அதனை ஆதரித்து வாக்களித்தார்கள். 2022 தேர்தலில் அப்பத்துப் பேரின் கதி என்ன? நால்வர் போட்டியிடவே இல்லை. நால்வர் முதனிலைத் தேர்தலில் தோற்றார்கள். இருவர் மட்டுமே மீண்டும் சபைக்கு வந்தார்கள்.

அந்த இருவரும் கலிபோர்னியா, வாஷிங்டன் என்னும் மாநிலங்களைச் சேர்ந்தவர்கள். அங்கே எல்லாக் கட்சி வேட்பாளர்களின் பெயரும் ஒரே சீட்டில் இருக்கும். எல்லா வாக்காளர்களும் வாக்களிக்கலாம். முதல் இரண்டு இடம் பெறுபவர்கள் இறுதித் தேர்தலுக்குப் போவார்கள். வாஷிங்டனைச் சேர்ந்த மற்றொரு பெண் உறுப்பினர் இதே முறையிலும் தோற்றார் என்பதையும் சொல்ல வேண்டும். முறை மாறினால் எல்லாம் மாறிவிடும் என்பதில்லை. வாய்ப்புச் சற்று மாறுகிறது, அவ்வளவே.

அமெரிக்கா இரு துருவங்களாகப் பிரிந்ததற்கு முதனிலைத் தேர்தல் மட்டுமே காரணமன்று. 1964இல் கறுப்பின மக்களுக்குச் சம உரிமை வழங்கும் சட்டம் வந்த பின் தென் மாநிலங்களின் வெள்ளையர் பலர் ஜனநாயகக் கட்சியை விட்டு மெல்ல மெல்ல விலகினார்கள். முன்பு இரு கட்சிகளிலும் கலந்திருந்த கருத்துகள் தனித்தனியே பிரிந்து நின்றன. பிரிந்து நின்ற இரு அணிகளையும் முதனிலைத் தேர்தல் மேலும் இறுக்கியது எனலாம். வரவு செலவுத் திட்டத்தில் இரு தரப்பும் ஒத்துப் போகாததால் 2018 டிசம்பர் முதல் 2019 ஜனவரி வரை 35 நாட்கள் அந்நாட்டு அரசு அலுவலகங்கள் பல மூடிக் கிடந்தன. ஊழியர்கள் அந்நாட்களில் சம்பளம் இன்றித் தவித்தார்கள்.

நம் ஊரில் நடந்த தேர்தல்

அமெரிக்காவை விட்டு நம் ஊருக்கு வருவோம். 1972 அக்டோபரில் திராவிட முன்னேற்றக் கழகத்திலிருந்து எம்.ஜி.ஆர். நீக்கப்பட்டார். கட்சியின் கணக்கு வழக்குகளை அவர் பொதுமேடையில் கேட்டதே பிணக்கின் தொடக்கம். அதே மாதத்தில் அவர் அண்ணா திராவிட முன்னேற்றக் கழகத்தைத் தொடங்கினார். அமெரிக்காவாக இருந்தால் ஒரு கட்சிக்குள் எழுந்த இச்சண்டை முதனிலைத் தேர்தலில் தீர்ந்திருக்கும். இங்கே அதற்கு வழியில்லை. ஆகவே வழக்கு நேரே மக்கள் முன் வந்தது. அது வந்த இடம் நம் திண்டுக்கல்!

திண்டுக்கல் அப்போது மதுரை மாவட்டத்தில் இருந்தது. 1973 மே மாதத்தில் நம் பாராளுமன்றத் தொகுதிக்கு இடைத்தேர்தல் நடைபெற்றது. புதிய கட்சியின் முதல் வேட்பாளராக வழக்கறிஞர் கா. மாயத்தேவர் இரட்டை இலைச் சின்னத்தில் நின்றார். அவர் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்கு வித்தியாசத்தில் வென்றார். காமராசரின் பழைய காங்கிரஸ் இரண்டாம் இடத்தையும், ஆளுங்கட்சியான தி.மு.க. மூன்றாம் இடத்தையும் பெற்றன. நான்கு ஆண்டுகளில், 1977இல், எம்.ஜி.ஆர். முதலமைச்சரானார். 1967 முதல் 2021 வரை நடந்த ஒவ்வொரு சட்டமன்றத் தேர்தலிலும் இவ்விரு கழகங்களுள் ஒன்றே ஆட்சி அமைத்தது.

அந்த இடைத்தேர்தலைக் கண்ட எங்கள் தோழி ஒருத்தியின் அம்மாச்சி சொன்னார்கள்: "செவுரு முழுக்கப் பச்சையில எலை வரைஞ்சிருந்தாங்க. திருவிழா மாதிரிதான் இருந்துச்சு. ஆனா அதுவரைக்கும் ஒண்ணாக் கொடி கட்டுன அண்ணன் தம்பி, அதுக்கப்புறம் ஒருத்தர் வீட்டுக் கல்யாணத்துக்கு ஒருத்தர் போகல." இதைக் கேட்டபோது எங்களுக்கு வேப்பமரத்தடியின் இரண்டு வட்டங்கள் நினைவுக்கு வந்தன.

கதை இத்துடன் முடியவில்லை. 1977இலும் அ.தி.மு.க. சார்பில் வென்ற அதே மாயத்தேவர், 1980இல் தி.மு.க. வேட்பாளராக இதே திண்டுக்கல்லில் நின்று வென்றார். ஆள் ஒருவரே, சின்னம் வேறு. தலைவர்கள் பக்கம் மாறிக் கைகோத்துக் கொள்கிறார்கள். கல்யாணத்துக்குப் போகாத அண்ணன் தம்பிதான் அப்படியே நிற்கிறார்கள்!

விருப்ப மனுவும் கொறடாவும்

இன்று நம் மாநிலத்தில் முதல் கதவின் சாவி கட்சித் தலைமையிடம் இருக்கிறது. போட்டியிட விரும்புவோர் கட்டணம் செலுத்தி விருப்ப மனு தருகிறார்கள், நேர்காணல் நடக்கிறது, தலைமை பட்டியலை வெளியிடுகிறது. வேட்பாளரைக் கட்சி எவ்வாறு தேர்ந்தெடுக்க வேண்டும் என்று நம் தேர்தல் சட்டம் வரையறுக்கவில்லை. 2014இல் காங்கிரஸ் கட்சி அமெரிக்க முறையைச் சில தொகுதிகளில் மட்டும் முயன்று பார்த்தது. ஆனால் வதோதராவில் அப்படித் தேர்வானவர் பின்னர் விலகிக்கொள்ள, கட்சியின் மூத்த தலைவர் ஒருவர் நின்றார்.

1985இல் வந்த கட்சித் தாவல் தடைச் சட்டத்தையும் நாம் பாடத்தில் படித்திருக்கிறோம். சபையில் கட்சிக் கொறடாவின் கட்டளையை மீறி வாக்களித்தால் உறுப்பினர் பதவியை இழக்க நேரிடும். பணத்துக்கும் பதவிக்கும் கட்சி மாறுவதைத் தடுக்க இது வந்தது. எனினும் மனசாட்சிப்படி மாறி வாக்களிக்க விரும்புபவரையும் இது தடுக்கிறது. அமெரிக்காவில் கட்சியை மீறி வாக்களித்தால் சட்டம் தண்டிப்பதில்லை. முதனிலைத் தேர்தல் தண்டிக்கிறது. இங்கே கொறடா, அங்கே முதனிலைத் தேர்தல். வழிகள் வேறு, எதிர்த் தரப்பின் நியாயத்தை ஏற்க உறுப்பினர் தயங்கும் நிலை இரண்டிலும் ஒன்றே.

சோழர் காலத்துக் குடவோலை

ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே நம் முன்னோர் இதைப் பற்றிச் சிந்தித்தார்கள். முதலாம் பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டு குடவோலை முறையை விவரிக்கிறது. ஊர் 30 குடும்புகளாகப் பிரிக்கப்பட்டது. தகுதியுடையோர் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டு, அறியாச் சிறுவன் ஒருவனைக் கொண்டு எடுக்கச் செய்தார்கள். 35 வயதுக்குக் குறைந்தவரும் 70 வயதைக் கடந்தவரும், வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும், அவர்தம் உறவினரும் நிற்க முடியாது. முதல் கதவைத் திறப்பது தலைவரும் அல்லர், கூட்டமும் அன்று. எழுதி வைத்த தகுதி. ஆனால் சொந்த நிலம் இல்லாதவருக்கும் பெண்களுக்கும் அக்குடத்தில் ஓலை இல்லை. ஆகவே அதை அப்படியே திரும்பக் கொண்டுவர நாங்கள் விரும்ப மாட்டோம்!

நாம் செய்யக்கூடியது

இவ்வளவும் படித்த பின் எங்களுக்கு ஒன்று தெளிவாயிற்று. சாவி ஒரு தலைவர் கையில் இருந்தாலும், ஆர்வம் மிக்க சிறு கூட்டத்தின் கையில் இருந்தாலும், மற்றவர் ஒதுங்கி நின்றால் எல்லோருக்கும் பொதுவானவர் பட்டியலிலேயே வரமாட்டார். பட்டியலில் வராதவருக்கு யாரும் வாக்களிக்க முடியாது.

அமெரிக்காவின் அலாஸ்கா மாநிலம் 2022 முதல் ஒரு புது முறையைக் கையாண்டது. எல்லோரும் வாக்களிக்கும் முதனிலைத் தேர்தலில் நால்வர் தேர்வாகிறார்கள். இறுதித் தேர்தலில் வாக்காளர் அவர்களை 1, 2, 3, 4 என்று விருப்ப வரிசைப்படி குறிக்கிறார். யாருக்கும் பாதிக்கு மேல் முதல் விருப்ப வாக்கு கிடைக்காவிட்டால், கடைசியில் இருப்பவரின் வாக்குகள் அடுத்த விருப்பத்தின்படி பிரித்துத் தரப்படுகின்றன. நம் குடியரசுத் தலைவர் தேர்தலிலும் இப்படி விருப்ப எண் இடும் முறையே உள்ளது. இம்முறையில் எதிர்ப் பக்கத்தாரின் இரண்டாம் விருப்பத்தையாவது பெற விரும்புகிறவர், அவர்களைத் திட்டிக்கொண்டிருக்க முடியாது அல்லவா?

இதைச் சிஸ்டரிடம் சொன்னோம். "நல்லது. எழுதிக் கொடுங்கள், பார்ப்போம்" என்றார்கள். ஆகவே இக்கட்டுரையே எங்கள் விண்ணப்பமாகும். வரும் ஆண்டு மாணவியர் தலைவி தேர்தலில், விடுதி என்றும் வீடு என்றும் பிரிந்து கூடாமல், வகுப்பு முழுவதும் ஒன்றாக அமர்ந்து பெயர்களை முன்மொழியட்டும். ஒவ்வொருத்தியும் விருப்ப வரிசைப்படி இரண்டு பெயர் எழுதட்டும். அவற்றுள் ஒன்று மறு பக்கத்துத் தோழியின் பெயராக இருக்கட்டும். அந்தத் தேர்தலில் வாக்களிக்க நாங்கள் இங்கே இருக்க மாட்டோம். எங்களுக்குப் பின் வரும் ஒன்பதாம் வகுப்புத் தங்கைகளுக்காகக் கேட்கின்றோம்.

பெற்றோர்களே, உங்கள் வீட்டுத் திண்ணையில் அரசியல் பேச்சு வரும்போது யாருக்கு ஓட்டு என்பதோடு, அந்தப் பெயரை நம் முன் வைத்தது யார் என்றும் கேளுங்கள். தோழியரே, போட்டியாளர் வேறு, பகைவர் வேறு. தேர்தல் ஒரு நாளில் முடிந்துவிடும். மறுநாளும் நாம் ஒரே வகுப்பில்தான் அமர வேண்டும்.

வேப்பமரத்தடியில் இப்போது ஒரே வட்டம்தான். அந்தக் கூட்டு நடனத்தை ஆண்டு விழாவில் ஆடக் கேட்டிருக்கிறோம். எல்லோரும் ஒத்திகைக்கு வருகிறோம்.