இஸ்திரிப் பெட்டியின் கணக்கு

கேள்வி: எங்கள் இஸ்திரிப் பெட்டி 230 வோல்ட்டில் 4 ஆம்பியர் எடுக்கிறது. அதன் மின்தடையையும் சக்தியையும் கணக்கிடுவது எவ்வாறு?
– வாசகர், தோப்பும்படி

பதில்: ஜெர்மானிய விஞ்ஞானி ஓம் 1827-இல் பிரசுரித்த நியமப்படி அழுத்தத்தை ஓட்டத்தால் வகுத்தால் தடை 57.5 ஓம், இரண்டையும் பெருக்கினால் சக்தி 920 வாட். மாலையில் அழுத்தம் 200 வோல்ட்டாகக் குன்றினாலோ, தடை பெரும்பாலும் மாறாதிருக்க, ஓட்டமும் உடன் குன்றுவதால், சக்தி ஏறத்தாழ 696 வாட்டுக்கு இறங்கிவிடும்; பெட்டி சூடேறத் தாமதிப்பதில் வியப்பென்ன?

ஆனால் உங்கள் மீன்பிடித் துறைமுகத்துக்கு ஐஸ் தயாரிக்கும் ஆலைகளின் மோட்டார்களுக்கு இதே கணக்கை அப்படியே பிரயோகித்தல் தகாது: மாறுதிசை மின்சாரத்தில், சுருள்களின் காந்த குணத்தால் ஓட்டம் அழுத்தத்துக்குச் சற்றே பின்தங்குமாதலால், வெறும் பெருக்குத்தொகை மெய்யான சக்தியை மிஞ்சியே நிற்கும், திறன் காரணி என்னும் பின்னத்தாலும் பெருக்கியாக வேண்டும்.