பட்டைத்தலை வாத்து நடத்தும் கிளாஸ்

லீவுக்கு லடாக் போறீங்களா? பைனாகுலர் எடுத்துக்கோங்க. குளிர் பாலைவனம், சுத்தி மொட்டை மலைகள், நடுவில் சுமார் 4,500 மீட்டர் உயரத்தில் சோ மோரிரி ஏரி. கோடையில் பட்டைத்தலை வாத்துகள் அங்கேதான் குஞ்சு பொரிக்கும். வெள்ளைத் தலையில் ரெண்டு கறுப்புப் பட்டை இருந்தா அதேதான்.

காற்றின் அடர்த்தி குறைஞ்சா லிஃப்ட் குறையும்னு படிச்சிருக்கோம். அப்புறம் இது இமயமலையை எப்படித் தாண்டுது? பெரும்பாலும் ராத்திரியிலும் விடியற்காலையிலும் பறக்கும். குளிர்ந்த காற்றுக்கு அடர்த்தி அதிகம். நேரா உயரத்துக்குப் போகாமல், மலைச்சரிவை ஒட்டியே ஏறி இறங்கும். ஆக்சிஜன் குறைவா இருந்தாலும் அதன் ஹீமோகுளோபின் அதைப் பிடிச்சுக்கும்.

நமக்கு அந்த வசதி இல்லை. லேயில் இறங்கினதும் ரெண்டு நாள் ரெஸ்ட் எடுங்க. ஏரிக்கரையில் தலைவலியும் வாந்தியும் வந்தா, ஃபோட்டோவை விட்டுட்டு உடனே கீழே இறங்குங்க.

லடாக் போக முடியலையா? குளிர்காலத்தில் இதே இனம் நெல்லை கூந்தன்குளத்துக்கு வரும். அங்கே பார்க்கலாம்.